சித்திரைக்கு முன் ஒரு பிள்ளை, ஐப்பசியில் ஒரு பிள்ளை

என் மூத்த மகளுக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் 2019 ஏப்ரல் 24. அவள் பிறந்தது ஏப்ரல் 11. நடுவில் இருக்கும் பதின்மூன்று நாட்களுக்குள் சித்திரை ஒன்று வருகிறது. காரணம் அதுதான்.

சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் இன்னும் கெட்டியாக இருக்கும் நம்பிக்கை. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வதற்கும் இதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். ஆடியில் உண்டானால் சித்திரையில் பிறக்கும் என்ற கணக்கு. ஆனால் அந்த அழைப்பெல்லாம் கல்யாணமான முதல் வருடத்துக்கு மட்டும்தான். எங்களுக்கு அது இரண்டாவது ஆடி. யாரும் அழைக்கவில்லை, கணக்கு பிசகிவிட்டது.

பிறந்த ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் கிராமம். வாழ்க்கைப்பட்டது திருப்பூரில். கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை, எனக்கு ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. கட்டுச்சோறு விருந்து முடித்து அம்மா வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு, பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டிக்கொண்டிருந்தோம். 37ஆவது வார ஸ்கேனில் ஒரு வரி வந்தது: குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்று.

வீடு கதிகலங்கிவிட்டது. மாலை சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டே, என் தம்பி இரண்டு நாள் பைக்கையே எடுக்கவில்லை. நான்கைந்து குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது, பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் செவிலியர் விரலால் அதை எடுத்துவிடுகிறார், அது ஒன்றுக்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தவை. நியாயமாகச் சொன்னால் அந்த டாக்டரும் பயமுறுத்தவில்லை. "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்.

அப்பாதான் கேட்டார்: "எப்படியும் ஆபரேஷன்தான் என்றால், பங்குனியிலேயே வைத்துக்கொள்ளலாங்களா?"

"வைத்துக்கொள்ளலாம்" என்றார் டாக்டர்.

அந்த "எப்படியும்" எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் இருந்த நான்கு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாசமாக இருந்தவள் நான், மாத்திரையில் தொடங்கி மஞ்சள் பை வரைக்கும் எல்லாவற்றையும் கணக்கு வைத்திருந்தவள் நான். தலையாட்டினேன். சோதிடர் மூன்று நேரம் குறித்துக் கொடுத்தார், மருத்துவமனை அதில் ஒன்றை எடுத்துக்கொண்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழந்தைதான் மூச்சை வேகவேகமாக இழுத்தாள். அழுகைக்கு நடுவே முனகல், மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து அடங்கியது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கருப்பையில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் நீர் நிறைந்திருக்கும். இடுப்பு வலி எடுக்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள்தான் அந்த நீரை வற்றச் செய்கின்றன. வலியே வராமல், அதுவும் 39 வாரம் முடியும் முன்பே எடுத்தால், இப்படி மூச்சுத் திணறும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான், அவசரக் காரணம் இல்லாவிட்டால் தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷனை 39 வாரத்துக்குப் பிறகு வைக்கச் சொல்கிறார்கள். என் மகளுக்கு அன்று 38 வாரமும் ஒரு நாளும்.

இரண்டு நாள் அவள் ஒரு மாடியில், நான் ஒரு மாடியில். மூன்றாம் நாள் காலையில் ஒரு செவிலியர் வந்து, சீம்பாலைப் பீய்ச்சித் தரச் சொன்னார். அரை மணி நேரம் பிழிந்து கிடைத்தது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. மஞ்சளாக, தேன் போலக் கெட்டியாக, வெள்ளிப் பாலாடையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் மூடி, கோயில் தீர்த்தத்தைப் போலப் படியேறி எடுத்துப் போனார். அதற்குள் குழந்தைக்குப் பால்பவுடர் கொடுத்திருந்தார்கள். மார்பில் சேர்த்துப் பழக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரத்தைப் பற்றி யாரிடமும் நான் அதிகம் பேசியதில்லை. ராத்திரி அழுவேன், காலையில் அழுவேன், குளிக்கும்போது அழுவேன். "தாய்க்காரி அழுதால் பால் வற்றிவிடும்" என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள், அதற்கும் அழுதேன். பிரசவமான முதல் வாரத்தில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிப் பெண்களுக்கு மேல் நடப்பதுதான். இரண்டு வாரத்தைத் தாண்டியும் விடவில்லை, குழந்தையைப் பார்த்தாலே வெறுமையாக இருக்கிறது, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை என்றால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு டாக்டர் அந்தச் சொல்லையே சொன்னார். இப்போது 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அப்போது இல்லை.

2022இல் இரண்டாவது உண்டானபோது நான் நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், எல்லாம் இயற்கையாக நடக்க வேண்டும். இயற்கை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் நல்ல சந்தை இருக்கிறது. மரச்செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, நாட்டுமாட்டுப் பால் என்று வரிசையாக வந்து கடைசியில் பிரசவத்தில் நிற்கும். வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன், பயிற்சி வகுப்புக்கும் பணம் கட்டினேன். வகுப்பில் பாதி உண்மையாகவே உதவியது: குத்துக்காலிட்டு உட்காரும் பழக்கம், வலி வரும்போது மூச்சை நீளமாக வெளியே விடுவது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது, நடப்பது. மீதிப் பாதியில் ஸ்கேன் எடுத்தால் குழந்தை சூடாகிவிடும் என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை விஷம், முருங்கைக்கீரையே போதும் என்றார்கள். பிறந்ததும் போடும் தடுப்பூசிகள் கம்பெனிக்காரர்களின் சதி என்ற வகுப்போடு நான் நின்றுவிட்டேன். கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

நிற்க வைத்தது அந்த வகுப்பு மட்டும் இல்லை. 2018 ஜூலையில் எங்கள் திருப்பூரிலேயே, வீட்டில் வைத்துப் பிரசவம் பார்த்து ஓர் இளம் தாய் உதிரப்போக்கில் இறந்துபோனார். வீடியோக்களைப் பார்த்துத் துணிந்தார்கள் என்று செய்திகள் வந்தன. படித்தவர்கள்தான். அப்போது கம்பெனி கேன்டீனில் அதைப் பேசி, "இப்படியும் செய்வார்களா" என்று உச்சுக்கொட்டியவர்களில் நானும் ஒருத்தி. நான்கு வருடம் கழித்து அதே வகை வீடியோக்களை நள்ளிரவில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பிரசவத்தில் பட்ட காயம் மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அந்தக் குடும்பத்தை ஏசுகிறவர்களோடு என்னால் சேர்ந்து ஏச முடிவதில்லை.

அம்மிச்சியிடம் போய் உட்கார்ந்தேன். என் அம்மாவைப் பெற்றவர், வயது எண்பதைத் தாண்டியது. ஏழும் வீட்டுப் பிரசவம். பெருமையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏழு பெற்றேன் கண்ணு. வளர்த்தது ஐந்து" என்றார். ஒன்று குறுக்கே கிடந்து, மருத்துவச்சி ஒரு பகலும் ஒரு இரவும் போராடி, மாட்டுவண்டியில் ஏற்றும்போதே போய்விட்டதாம். இன்னொன்று நன்றாகப் பிறந்து, ஏழாம் நாள் வாய் கிட்டித்து, பால் குடிக்க முடியாமல் விறைத்துப் போனது. கொடியை எதை வைத்து அறுத்தார்கள் என்று கேட்டேன். "கையில் கிடைத்ததை வைத்துத்தான்." ரண ஜன்னி. கர்ப்பிணிக்குப் போடும் டெட்டனஸ் ஊசியும் சுத்தமான பிளேடும் சேர்ந்துதான் அதை விரட்டின; பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ரண ஜன்னியை ஒழித்துவிட்டதாக இந்தியா அறிவித்ததே 2015இல்தான். அம்மிச்சி அந்த மருத்துவச்சியைக் குறை சொல்லவே இல்லை. "அவள் கை பொன் கை. ஆனால் கையில் கை மட்டும்தானே இருந்தது" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டுப் பிரசவம் என்ற யோசனை என் தலையில் இல்லை. மருத்துவமனைக்குள்ளேயே என்னென்ன என் விருப்பத்துக்கு உட்பட்டது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் பார்த்த டாக்டர், ஒருமுறை ஆபரேஷன் என்றால் மறுமுறையும் ஆபரேஷன்தான் என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். இரண்டாமவர், "முயற்சி செய்யலாம், வலி தாங்குவீர்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கோயம்புத்தூரில் மூன்றாவதாகப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "பழைய ஆபரேஷன் குறிப்பு இருக்கிறதா?"

இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டு வீடு மாறியபோது தொலைந்துவிட்டது. பழைய மருத்துவமனைக்கு இரண்டு முறை அலைந்து நகல் வாங்கினேன். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கருப்பையை எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறியிருந்தால்தான் அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயன்று பார்க்கச் சொல்வார்கள். நெடுக்காகக் கீறியிருந்தால் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். எனக்குக் குறுக்கு. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே மூன்றரை வருட இடைவெளி இருந்ததும் நல்லது என்றார். ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தால் பழைய தையல் விடும் அபாயம் கூடுமாம்.

பிறகு எண்களைச் சொன்னார். இப்படி முயல்கிறவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் போலச் சுகப்பிரசவம் ஆகிறார்கள். ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்குத் தழும்பு பிளக்கிறது. பிளந்தால் நிமிடங்களில் தியேட்டருக்குள் இருக்க வேண்டும். "இருநூறில் ஒன்று என்பது சின்ன எண். அந்த ஒன்றாக நீங்கள் இருந்தால் சின்ன எண் இல்லை. யோசித்துவிட்டு வாருங்கள்" என்றார். எனக்குக் கை கொடுக்கத் தோன்றியது. நான்கு வருடத்தில் என்னிடம் ஒருவர் எண்ணாகப் பேசியது அதுதான் முதல் முறை. நானோ எண்ணால் சோறு தின்கிறவள்.

எண்ணைப் பற்றி இன்னொன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு 45 ஆபரேஷன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 64. சிக்கலான கேஸ்களையெல்லாம் கடைசியில் அரசு மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள், அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். தனியார் டாக்டர்கள் எல்லோரும் காசுக்காகக் கிழிக்கிறார்கள் என்று இதிலிருந்து நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டைப் போலப் பஞ்சாங்கத்தோடு போய் நிற்கும் குடும்பங்களும் அந்த 64க்குள் இருக்கின்றன.

அந்த டாக்டர் போட்ட நிபந்தனைகள்: வலி தானாக வர வேண்டும், வலி வரவைக்கும் மாத்திரையைத் தழும்புள்ள கருப்பைக்கு வைக்க மாட்டார். இரவும் பகலும் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருக்கும் இடத்தில்தான் சேர வேண்டும், இரத்தம் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வலி தொடங்கினால் குழந்தையின் இதயத் துடிப்பை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி நிபந்தனையைத்தான் நான் நோட்டில் எழுதி வைத்தேன். "என்னோடு வாதாட வேண்டியதையெல்லாம் இப்போதே வாதாடிவிடுங்கள். அன்றைக்கு நான் தியேட்டர் என்றால், தியேட்டர்."

வாதாடினேன். ஏழாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஐந்தாறு கேள்விகளோடு போவேன். இனிமா கொடுப்பீர்களா? இல்லை. பிறப்புறுப்பில் வெட்டு எல்லோருக்கும் போடுவீர்களா? தேவைப்பட்டால் மட்டும். கொடியை உடனே கட்டிவிடுவீர்களா? குழந்தை நன்றாக அழுதால் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுப்போம். கூட யார் இருக்கலாம்? ஒரு பெண். (இதை அரசு மருத்துவமனைகளிலும் கேட்டு வாங்கலாம், பிரசவ அறையில் ஓர் உறவுப் பெண் உடனிருக்க அங்கும் வழி இருக்கிறது.) எந்த முறைக்கும், எந்த மருந்துக்கும் எனக்கு ஒரே ஒரு கேள்வி போதுமாக இருந்தது: இதைச் செய்யாமல் இரண்டு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும்? நிறைய விஷயங்களுக்கு, "ஒன்றும் ஆகாது, பொறுக்கலாம்" என்றே பதில் வந்தது. அதே கேள்வியை 2019இல் பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவே யாராவது கேட்டிருக்கலாம்.

ஒன்றுக்கு மட்டும் வேறு பதில் வந்தது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் போடும் ஆக்ஸிடோசின் ஊசி. அது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும்படி வாட்ஸ்அப் குழுவில் சொல்லியிருந்தார்கள், உடம்பே சுரந்துகொள்ளுமாம். "பொறுத்தால் என்ன ஆகும்?" என்றேன். "பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் இருக்காது" என்றார். அந்த வரியை நோட்டிலிருந்து அடித்தேன். இரும்புச்சத்து மாத்திரையும் அப்போதுதான் ஒழுங்காகத் தொடங்கினேன். ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அத்தை தினமும் முருங்கைக்கீரை பொரித்துத் தந்தார், மாத்திரையும் போட்டேன், மாத்திரையை டீயோடு விழுங்குவதை நிறுத்தினேன். டீ இரும்பைச் சேரவிடாதாம். கடைசி மாதத்தில் 11.2.

38ஆவது வாரமே சிங்காநல்லூரில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். திருப்பூரிலிருந்து அம்பது கிலோமீட்டர் தூரத்தை வலியோடு கடப்பது அந்த இருநூறில் ஒன்றுக்கு ஒத்துவராது. கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது அரசு கொடுத்த பிக்மி எண்ணையும் அடையாள அட்டை நகல்களையும் ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டினோம். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும், 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

நவம்பரில் ஒரு ராத்திரி பொய் வலி வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டது. நடந்தால் அடங்கியது, இடைவெளி ஒரு கணக்கில் இல்லை, காலையில் காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து வந்தது நடந்தாலும் அடங்கவில்லை. முதுகின் அடியில் பிறந்து முன்னால் வந்து இறுகும், விடும். பத்து நிமிடம், எட்டு நிமிடம், ஆறு. வெளியே ஐப்பசி மழை சிணுங்கிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்ந்தபோது கருப்பை வாய் விரிந்திருந்தது நான்கு சென்டிமீட்டர். இரவெல்லாம் அது ஐந்தைத் தாண்டவில்லை. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் எனக்குப் பதற்றம். பணியில் இருந்த செவிலியர்தான் சொன்னார்: ஐந்து வரைக்கும் மெதுவாகத்தான் போகும், அந்த மணிக்கொரு கணக்கை வைத்து யாரையும் அவசரப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் சொல்லிவிட்டது. அவர் இதைச் சொல்லிக்கொண்டே என் மருதாணியைப் பார்த்து, எந்தக் கடையில் வாங்கியது என்றும் கேட்டார். அந்தச் சாவதானம் எனக்கு எந்த மருந்தையும் விட நன்றாக வேலை செய்தது.

கூட இருந்தது அம்மா. பேசவில்லை. ஒவ்வொரு வலிக்கும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிவேன். அம்மா என் இடுப்புக்குக் கீழே முஷ்டியை வைத்து அழுத்துவார், தயிர் கடைகிற தாளத்தில், வலி ஏறும்போது அழுத்தம் ஏறி இறங்கும்போது இறங்கும். எப்போது ஏறுகிறது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

அதிகாலை மூன்று மணிக்குக் குழந்தையின் துடிப்பு இறங்கியது. இயந்திரத்தின் சத்தம் மாறியதை எனக்கு முன்னால் அம்மா கவனித்துவிட்டார். டாக்டர் வந்து இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னார், குளுக்கோஸை வேகப்படுத்தினார். நான் அதே கேள்வியைக் கேட்டேன். "இருபது நிமிடம் பொறுக்கலாம். மறுபடி இறங்கினால் பொறுக்க மாட்டேன்" என்றார். தலையாட்டினேன். 2019இல் ஆட்டிய அதே தலைதான், இந்த முறை எதற்கு ஆட்டுகிறேன் என்று தெரிந்திருந்தது. துடிப்பு ஏறி நின்றது. ஆறேகால் மணிக்கு மகன் பிறந்தான், 2.9 கிலோ. வெட்டுப் போடவில்லை, லேசாகக் கிழிந்த இடத்தில் இரண்டு தையல். ஈரத்தோடு அப்படியே என் மார்பில் போட்டார்கள். கொடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். நீலமும் வெள்ளையுமாக, முறுக்கிய கயிறு போல, துடித்துக்கொண்டிருந்தது.

அவன் மார்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே அறையின் குரல் மாறியது. தொடை ஊசி போட்டாகிவிட்டது, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது, உதிரம் நிற்கவில்லை. சற்று முன்பு மருதாணியைப் பற்றிக் கேட்ட செவிலியர் என் அடிவயிற்றை மாவு பிசைவதைப் போல அழுத்திப் பிசைந்தார். பிரசவ வலியைவிட அது கொடுமை. ஒருவர் இரண்டாவது கையில் ஊசி ஏற்றினார், ஒருவர் வேறு மருந்தை உடைத்தார், ஒருவர் இரத்த வங்கிக்குப் போன் செய்தார். பத்துப் பன்னிரண்டு நிமிடம். நின்றது. முக்கால் லிட்டர் போயிருந்தது. அரை லிட்டரைத் தாண்டினாலே அதிகம். 11.2இல் தொடங்கியதால் இரத்தம் ஏற்றாமல் தப்பித்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அம்மிச்சி சொன்ன "கையில் கை மட்டும்தானே" என்ற பேச்சுத்தான் தலைக்குள் ஓடியது.

மூன்றாம் நாள் கோபிக்கு வந்தோம். குழந்தை வளர்ப்பில் எனக்கும் அம்மாவுக்கும் நடந்த பேரம் பிரசவத்தைவிட நீளமானது. செலவுச் சாமான் (பிரசவ மருந்துச் சரக்கு) அரைத்த குழம்பு, பூண்டு, நாட்டுக்கோழிச் சாறு எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன், ருசியாகவும் இருந்தது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்ற பத்தியத்துக்குச் சம்மதிக்கவில்லை. மூத்தவளின் போது தாகத்தில் நாக்கு ஒட்டிக் கிடந்ததும் மலச்சிக்கலில் தையல் வலித்ததும் மறக்குமா? பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டுவைக்கும் சேனைக்கு வந்த பெரியம்மாவிடம், ஒரு வயது வரை தேன் ஆகாது, அதில் குழந்தையின் குடலுக்குத் தாங்காத கிருமி இருக்கலாம் என்று சொன்னபோது முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் குழந்தையின் உள்ளங்காலில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்துவிட்டுப் போனார். குளிப்பாட்ட வந்த பாட்டியின் எண்ணெய்த் தேய்ப்பு சுகமானது, குழந்தை அதிலேயே தூங்கிப்போவான். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதிச் சளி எடுப்பதையும் மட்டும் தடுத்தேன். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். வசம்பு மணிக்கட்டில் இருக்கலாம், உரைத்து வாயில் ஊற்றக் கூடாது. சாம்பிராணிப் புகை வேண்டாம். இதில் எல்லாவற்றிலும் நான் ஜெயித்தேன் என்று இல்லை. புகை ஒரு வாரம் எனக்குத் தெரியாமல் பின்கட்டில் நடந்தது.

பால் பற்றித்தான் அம்மாவுக்கு ஓயாத சந்தேகம். பிள்ளை அழுதால் பால் போதவில்லை என்று பொருள், புட்டிப்பால் வாங்கலாமா என்பார். முதல் சில நாளில் எடை குறைவது வழக்கம், பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால், இரண்டு வாரத்தில் திரும்ப ஏறினால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் முகம் மஞ்சளித்தது. முதல் நாளே மஞ்சளித்தால் உடனே ஓட வேண்டும். இவனுக்கு மூன்றாம் நாள் என்பதால் இரத்தம் எடுத்துப் பார்த்து, அடிக்கடி பால் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் திரும்ப வரச் சொன்னார்கள். காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் சொன்னதை நம்பி உட்காராமல் திரும்பப் போனோம், குறைந்திருந்தது. பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள அழுகையை எண்ணாதீர்கள், சிறுநீரை எண்ணுங்கள் என்றார்கள். ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு முறையாவது போக வேண்டும்.

எண்ணும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தினசரிக் காலண்டரில், ராகு காலமும் எமகண்டமும் அச்சடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஈரத்துணி மாற்றும் ஒவ்வொரு முறையும் பென்சிலால் ஒரு கோடு. மூத்தவளுக்கு நாள் குறித்த அதே காலண்டர் ஆணியில்தான் இதுவும் தொங்கியது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் நாள் இரவு ஒன்பது மணி வரை ஐந்து கோடுதான். அப்பா சாப்பாட்டையும் தொடாமல் தூரிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டருக்குப் போன் போடலாமா என்று இரண்டு முறை கேட்டார். பொறுக்க முடியாமல் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பத்து மணி இருக்கும், "அடடடா" என்று ஒரு சத்தம். வெள்ளை வேட்டியை உதறிக்கொண்டே எழுந்துபோய்க் காலண்டரில் ஆறாவது கோட்டைப் போட்டார்.